அசல் எது? பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரும் திருவனந்தபுரத்தின் காற்றும்

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. முதற்பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' வாகனங்களாகத் தனியே பதிவு செய்துகொள்ள அது வழிவகுத்தது. பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் வரும்; புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை ஒன்று உண்டு. வாகனம் அசல் வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும்; அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது.

விதியை எழுதியவர்களுக்கு 'அசல்' என்ற சொல் ஐயத்துக்கு இடமில்லாததாகத் தோன்றியிருக்கும். தொழில்நுட்ப வரலாற்றைப் படிப்பவருக்கு அச்சொல் அத்தனை எளிதன்று. 1970களின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் உருவாகி இன்று திருவனந்தபுரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புல்லட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் அடிச்சட்டமும் சிலிண்டரும் பிறந்தபடியே இருக்கக்கூடும். கார்புரேட்டர் அப்படி இருப்பது அரிது. அது தேய்ந்திருக்கும், மாற்றப்பட்டிருக்கும், துளை பெருக்கப்பட்டிருக்கும், வேறொரு நாட்டு வடிவமைப்புக்கு இடம் விட்டிருக்கும். பழைய மோட்டார் சைக்கிளுக்கு 'பெர்ஃபார்மன்ஸ் கார்புரேட்டர்' தேர்ந்தெடுத்து ட்யூன் செய்யும் இன்றைய ஆர்வத்தை இளைஞர்களின் வேகமோகம் என்று மட்டும் ஒதுக்கிவிடுவோர், அதற்குப் பின்னுள்ள அரை நூற்றாண்டுப் பட்டறை வரலாற்றைத் தவறவிடுகிறார்கள்.

கார்புரேட்டரின் வேலையைச் சொல்லிவிடுவது எளிது; செய்துகாட்டுவதுதான் கடினம். காற்று செல்லும் குழாய் ஓரிடத்தில் குறுகும்போது அங்கே காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. அக்குறைவு, நுண்துளை வழியே பெட்ரோலை மேலிழுத்துத் தூவுகிறது. 1893இல் புடாபெஸ்ட்டில் பாங்கியும் சோங்காவும் இத்தகைய தூவல் முறைக்குக் காப்புரிமை கோரினர். ஜெர்மனியில் மேபாக் அதே காலத்தில் அதே தீர்வை எட்டியிருந்தார். மோட்டார் சைக்கிள் உலகில் இக்கருவியின் இலக்கணத்தை எழுதியது பர்மிங்ஹாம் நகரின் ஆமல் நிறுவனம் எனலாம். அமாக், பிரவுன் அண்டு பார்லோ, பிங்க்ஸ் என்னும் மூன்று கார்புரேட்டர் தயாரிப்பாளர்கள் 1927இல் ஒன்றிணைந்து உருவானது அது. 1950களின் நடுவில் வந்த அதன் 'மோனோபிளாக்' வகையில் மிதவைக் கிண்ணமும் கலவை அறையும் ஒரே வார்ப்பாயின. அதன் பக்கவாட்டில் உள்ள 'டிக்ளர்' பொத்தானைப் பெட்ரோல் கசியும்வரை அழுத்திவிட்டுக் கிக்கரை உதைக்கும் சடங்கை முந்தைய தலைமுறையினர் பலர் இன்றும் நினைவுகூர்வர்.

இந்திய ராணுவத்தின் கொள்முதல் 1950களின் தொடக்கத்தில் புல்லட்டை இங்கே வேரூன்றச் செய்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிட்ச் நகரின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. அந்த எஞ்சின் 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்டது, கன அளவு 346. தாய் நிறுவனம் 1970இல் இங்கிலாந்தில் இல்லாமலே போயிற்று. திருவொற்றியூர் தொடர்ந்து இயங்கியது. வடிவமைத்தவர் மறைந்தபின் வடிவமைப்பை வாழவைக்கும் பொறுப்பு வேறொரு நாட்டின்மேல், அதிலும் குறிப்பாக அந்நாட்டின் பட்டறைகளின்மேல் விழுந்தது. ஆமல் வகைக் கார்புரேட்டர்களின் உடலும் ஸ்லைடும் துத்தநாகக் கலப்பு உலோக வார்ப்பு. ஒன்றோடொன்று உராய்ந்து இரண்டுமே தேயும். தேய்ந்த இடுக்கு வழியே காற்று நுழைந்தால் ஐடிலிங் நிலைக்காது. எத்தனை திருகினாலும் ஏர் ஸ்க்ரூவுக்கு அடங்காத அக்குறையை உரிமையாளர்கள் வாகனத்தின் குணம் என்றே ஏற்றுக்கொண்டு வாழ்ந்தனர்.

இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அசல் ஜெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அடைபட்ட ஜெட்டைச் செம்புக் கம்பியால் குத்தித் திறப்பது, சிறிய ஜெட்டை மெல்லிய ட்ரில்லால் பெருக்குவது, பெரிதானதை ஈயம் வைத்து அடைத்து மீண்டும் துளைப்பது என்று பட்டறைகள் தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டன. இதனால் ஜெட்டின்மேல் பொறித்த எண்ணுக்கும் அதன் உண்மையான துளைக்கும் தொடர்பு அறுந்தது. அசல் எண்களை நம்பி இன்று ட்யூனிங் தொடங்கும் ஒருவர் முதலில் இடறுவது இங்கேதான்.

எண்களிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. ஆமலின் எண், குறிப்பிட்ட சோதனை நிலையில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் எரிபொருள் பாய்கிறது என்பதைக் குறிக்கிறது. கெய்ஹினின் எண் துளை விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. மிகுனியின் அறுகோண ஜெட் பாய்ச்சல் கணக்கைப் பின்பற்றுகிறது. 110 என்ற எண் மூன்றிலும் மூன்று பொருள் தரும். "அண்ணன் வண்டியில் 110 போட்டது, எனக்கும் 110" என்பது கார்புரேட்டர் வேறாயின் பொருளற்ற வாக்கியம்.

புல்லட்டின் 'அசல்' கார்புரேட்டர் ஆமல் அல்லாமல் ஆனதற்குச் சென்னையின் தொழில் வரலாற்றில்தான் விடை இருக்கிறது. ஜப்பானின் மிகுனியோடு கூட்டு சேர்ந்து 1980களின் நடுவில் யூகால் நிறுவனம் தொடங்கப்பட்டது. மறைமலை நகரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. அங்கிருந்து 'மிக்கார்ப்' என்ற பெயரில் வந்த வி.எம். வகைக் கார்புரேட்டர்கள் புல்லட்டில் இடம்பிடித்தன. 350 எஞ்சினுக்கு 24 மி.மீ. விட்டமுள்ளது, 500 எஞ்சினுக்கு 28 மி.மீ. விட்டமுள்ளது. ஆங்கிலேய எஞ்சின், ஜப்பானிய மூச்சு, தமிழ்நாட்டு வார்ப்பு. தொழிற்சாலையே இதைப் பொருத்தி விற்றதால் இதுவும் அசல்தான். ஆயின் அதே மிக்கார்ப்பை 1972ஆம் ஆண்டு வண்டியில் ஓர் உரிமையாளர் பொருத்தினால் அது மாற்றமாகிவிடுகிறது. பொருள் ஒன்றே, பொருத்திய கை வேறு, ஆண்டு வேறு.

'பெர்ஃபார்மன்ஸ்' என்ற சொல்லுக்கு இந்தியாவில் முதலில் பொருள் கொடுத்தது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னைக்கு வடக்கே அமைத்த விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்கள் தென்னிந்திய ட்யூனர்களின் பயிற்சிக்களமாயின. பின்னர் இருங்காட்டுக்கோட்டைத் தடம் அவ்விடத்தைப் பெற்றது. முழு த்ராட்டிலில் நீண்ட நேர்கோட்டில் ஓடும் பந்தய வண்டிக்குப் பெரிய கார்புரேட்டர் பயன் தரும். அந்தத் தர்க்கத்தை அப்படியே சாலை வண்டிக்கு எடுத்துவந்ததுதான் பிழை. அது இன்றும் தொடர்கிறது.

கணக்கு எளியது. 24 மி.மீ. குழாய்க்குப் பதில் 30 மி.மீ. குழாயைப் பொருத்தினால் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. எஞ்சின் அதே அளவு காற்றையே இழுக்கும்போது குழாயில் காற்றின் வேகம் 36 விழுக்காடு குறைகிறது. வேகம் குறைந்தால் பெட்ரோலை இழுக்கும் அழுத்தக் குறைவும் தளர்கிறது. பெட்ரோல் நுண்துளிகளாகச் சிதறாமல் கனத்த துளிகளாக விழுகிறது. 350 புல்லட் ஏறக்குறைய 18 குதிரைத்திறன் தரும் எஞ்சின். அதன் அழகு தாழ்ந்த சுழற்சியில் இழுக்கும் திறனில் இருக்கிறது. அந்த இழுவையைத்தான் பெரிய கார்புரேட்டர் முதலில் பறிக்கும். சாலைச் சந்தைகளில் இன்று மலிந்துள்ள பி.டபிள்யூ.கே. வகை 'டி' வடிவ ஸ்லைடு கார்புரேட்டர்கள் கெய்ஹினின் நல்ல வடிவமைப்பைப் பின்பற்றியவை. அவற்றில் பெரும்பகுதி கெய்ஹின் செய்தவை அல்ல. போலியில் ஊசியின் சரிவும் ஜெட்டின் துளையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை.

ராஜ்தூத் 350இன் கதை இதற்கு நல்ல எதிர்ச்சான்று. யமஹா ஆர்.டி. 350 ஜப்பானில் 39 குதிரைத்திறன் தந்தது. எஸ்கார்ட்ஸ் 1983இல் அதை இங்கே கொண்டுவந்தபோது அது 30.5 ஆகக் குறைந்தது. பின்னர் வந்த வகையில் 27. எரிபொருள் சிக்கனத்தைத் தேடிய சந்தைக்காகச் செய்த குறைப்பு அது. வெளியேற்றக் குழாயில் செய்த நெருக்கலுக்கும் அதில் பங்குண்டு. ஆகவே கார்புரேட்டரை மட்டும் பெரிதாக்கி ஜப்பானிய எண்ணை மீட்கலாம் என்போர் மூக்கை அகலப்படுத்திவிட்டு வாயை மூடிவைக்கிறார்கள். அதிலும் அது இரட்டைச் சிலிண்டர். இரண்டு கார்புரேட்டர்களின் ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழாவிட்டால் ஒரு பிஸ்டன் மற்றொன்றைச் சுமந்து ஓடும்.

ட்யூனிங் என்பது த்ராட்டிலின் நான்கு பகுதிகளைத் தனித்தனியே கேட்பது. முதல் எட்டில் ஒரு பங்குத் திறப்பில் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆள்கின்றன. அங்கிருந்து கால்வாசி வரை ஸ்லைடின் அடிவெட்டு. கால் முதல் முக்கால் வரை ஊசியும் அது நுழையும் ஜெட்டும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஆயினும் குறை எந்தத் திறப்பில் எழுகிறது என்று தெரிந்தால் எந்த உறுப்பைத் தொடுவது என்பதும் தெரியும். அனுபவசாலிகள் மெயின் ஜெட்டில் தொடங்கிக் கீழிறங்குவர். முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினைச் சட்டென நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பர். கரி படிந்தால் 'ரிச்', வெளுத்தால் 'லீன்', காப்பித்தூள் நிறம் வந்தால் சரி. சாலைப் பயணத்தில் பெரும்பொழுது கழிவது கால் திறப்புக்கும் அரைத் திறப்புக்கும் இடையில். அங்கே ஆள்வது ஊசி. பலரும் பணத்தைக் கொட்டுவதோ மெயின் ஜெட்டில்.

இந்தக் கலைக்குத் திருவனந்தபுரம் ஒரு விந்தையான ஆய்வுக்கூடம். டில்லியில் குளிர்காலத்து 5 டிகிரிக்கும் கோடையின் 45 டிகிரிக்கும் இடையே காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு மாறுகிறது. அங்கே பருவத்துக்கொரு ஜெட் என்பது மிகையன்று. திருவனந்தபுரத்தில் 22 டிகிரிக்கும் 34 டிகிரிக்கும் நடுவே ஆண்டு முழுதும் கழிகிறது. அதனால் கலவையில் நேரும் மாற்றம் 2 விழுக்காடு அளவே. ஒரு ஜெட் எண்ணின் இடைவெளிக்கும் குறைவு. ஒருமுறை சரியாக வைத்தது ஆண்டெல்லாம் நிற்கும். ஆயின் நகரிலிருந்து 60 கிலோமீட்டர் போனால், 22 கொண்டையூசி வளைவுகளுக்கு அப்பால், 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. அங்கே காற்று 10 விழுக்காடு மெலிகிறது. கலவை சுமார் 5 விழுக்காடு செறிகிறது. நகரத்தில் சற்றே ரிச்சாக வைத்த புல்லட், மேல் வளைவுகளில் இருமத் தொடங்கும். இறங்கும்போது தானாகத் தெளியும். உயரம் என்பது மீட்டர் கணக்காக அன்றி இருமலாகவே இப்பகுதி ஓட்டுநர்களுக்கு முதலில் அறிமுகமாகிறது.

பொன்முடிக்கு நெடுமங்காடு வழியே செல்லும்போது அருகில் வலியமலை இருக்கிறது. இஸ்ரோவின் திரவ உந்துகை மையம் அங்கேதான். எரிபொருளையும் ஆக்ஸிகரணியையும் என்ன விகிதத்தில் கலப்பது என்ற கேள்விக்கு அங்கே கணினிகளும் சோதனை மேடைகளும் விடையளிக்கின்றன. அதே கேள்விக்குச் சாலை ஓரப் பட்டறையில் காதும் மூக்கும் விடையளிக்கின்றன. தென்திருவிதாங்கூரின் பழைய எல்லைக்குள், அதாவது இன்றைய திருவனந்தபுரத்திலும் 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டத்திலும், தலைமை மெக்கானிக்கை 'ஆசான்' என்றழைப்பது வழக்கம். களரிக்கும் வர்மத்துக்கும் உரிய சொல் அது. எழுத்தில் இறங்காமல் ஆளிலிருந்து ஆளுக்குச் செல்லும் அறிவு என்ற வகையில் அச்சொல் இங்கே பொருந்தியே வருகிறது. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' நூலில், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளிலிருந்து அன்றிப் பயன்பாட்டிலிருந்தும் பராமரிப்பிலிருந்தும் எழுத வேண்டும் என்று வாதிட்டார். அவ்வாறு எழுதினால் இந்த ஆசான்கள் அடிக்குறிப்பில் அல்ல, நடுப்பத்தியில் வருவார்கள்.

பராமரிப்பு அறிவும் நிலையானதன்று என்பதற்குப் பிளக்கின் நிறமே சான்று. காப்பித்தூள் நிறம் என்ற அளவுகோல் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் உருவானது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாறியபின் பிளக் அத்தனை தெளிவாகப் பேசுவதில்லை. சரியான கலவையிலும் அது வெளிறியே தெரியக்கூடும். இதை உணராமல் பழைய நிறத்தைத் தேடி மேன்மேலும் பெரிய ஜெட் போட்டவர்கள் உண்டு.

அதைவிடப் பெரிய மாற்றம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025இல் எட்டப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது. தூய பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். 20 விழுக்காடு கலவைக்கு ஏறத்தாழ 13.5. எரிபொருள் ஊசல் முறை உள்ள புது வண்டியில் ஆக்ஸிஜன் உணரி இதைக் கண்டு ஈடுசெய்துவிடும். கார்புரேட்டருக்குக் கண்ணில்லை. தூய பெட்ரோலுக்கு வைத்த அதே ஜெட் வழியே புதிய கலவை பாயும்போது எஞ்சின் சுமார் 8 விழுக்காடு 'லீன்' ஆகிறது. முன்பு ரிச்சாக வைத்திருந்த வண்டி ஒருவேளை இதில் நன்றாகவே ஓடும். பொன்முடி உச்சியில் உயரத்தின் செறிவும் எத்தனாலின் மெலிவும் ஒன்றையொன்று பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளும் என்பது ஒரு வேடிக்கை. கடல்மட்டத்தில், கழக்கூட்டம்–கோவளம் புறவழிச்சாலையில் முழு த்ராட்டிலில் செல்லும் காற்றுக்குளிர்வு டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அது வேடிக்கையன்று. மெலிந்த கலவையின் சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். மழைக்காலக் கேரளத்தின் ஈரத்தை எத்தனால் உறிஞ்சுவதும், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் மிதவைக் கிண்ணத்தில் துத்தநாக வார்ப்பு வெண்ணிறமாக அரிபடுவதும் தனிக்கதை.

ஆகவே இன்று பழைய எஞ்சினைக் காப்பாற்றவே ஒரு படி பெரிய ஜெட்டும், ஊசியை ஒரு வெட்டு உயர்த்துவதும், சிலபோது வேறு கார்புரேட்டரும் தேவைப்படுகின்றன. வேகத்துக்காகக் கற்ற கலை உயிர்காக்கும் கலையாகியிருக்கிறது. சட்டமோ எதிர்த்திசையில் நகர்ந்திருக்கிறது. கேரளத்தில் எழுந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்று அது உறுதிசெய்தது. அச்சான்றிதழில் எஞ்சின் எண் உண்டு, கன அளவு உண்டு, எரிபொருள் வகை உண்டு. கார்புரேட்டருக்கு ஓர் இடமும் இல்லை. எரிபொருள் என்ற கட்டத்தில் 'பெட்ரோல்' என்று இருக்கிறது. 1972இல் அச்சொல் குறித்த திரவம் இன்று பம்பில் கிடைப்பதில்லை.

புகைச் சான்றிதழ்ச் சோதனையும் இதே கண்கட்டுதான். 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வாகனத்துக்குக் கார்பன் மோனாக்ஸைடு 4.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அளவு எடுப்பது ஐடிலிங்கில். அதாவது பைலட் ஜெட்டை மட்டுமே சோதனைக் கருவி முகர்ந்து பார்க்கிறது. ஊசியும் மெயின் ஜெட்டும் என்ன செய்கின்றன என்பது அதன் பார்வைக்கு வருவதே இல்லை. பொறுப்போடு ஜெட் மாற்றியவரும் கண்மூடித்தனமாகப் பெருக்கியவரும் ஏர் ஸ்க்ரூவை அரைச்சுற்றுத் திருகி ஒரே சான்றிதழோடு வெளியே வருவர்.

பி.எஸ்.6 விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததோடு புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் காலம் ஏறக்குறைய முடிந்தது. 1976ஆம் ஆண்டு வண்டிகள் 2026இல் ஐம்பதைக் கடக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் 'வி.ஏ.' எண் கோரி விண்ணப்பிக்கலாம். ஆமலை நீக்கி மறைமலை நகரின் மிக்கார்ப்பைப் பொருத்தியதும், எத்தனாலுக்காக மெயின் ஜெட்டை ஒரு படி உயர்த்தியதும் 'எஞ்சினில் மாற்றம்' ஆகுமா என்று விதியில் சொல்லப்படவில்லை. வண்டியைப் பார்வையிடும் அலுவலர் அதைத் தம் கண்ணால்தான் முடிவு செய்தாக வேண்டும்; ஜெட் உள்ளே இருப்பதால் அதை அவர் காணப்போவதுமில்லை.